தவறு செய்த கல்லூரி வீரர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு: எதைத் திருப்பித் தரலாம், எதைத் தரக் கூடாது?

நெடுவழி:

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். ஒரு வீரர் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபடுகிறார், அல்லது விடுதியில் ஒருவரை அடித்துவிடுகிறார். செய்தி வந்ததும் இரண்டு குரல்கள்தான் கேட்கும். ஒன்று "தூக்கி வெளியே போடு". மற்றது "சின்னப் பையன், இன்னொரு வாய்ப்பு கொடு". இரண்டு தரப்புமே அவர் மறுபடி ஆடலாமா கூடாதா என்பதை மட்டும்தான் பேசுகின்றன.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். அணியை விட்டு நீக்கப்பட்ட மாணவருக்கு அன்று மாலைக்குள் என்னவெல்லாம் போய்விடுகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பவன். அடையாள அட்டைக்குப் பயிற்சிக்கூடத்தின் கதவு திறக்காது. அணியின் சாப்பாட்டு மேசை கிடையாது. குரூப் சாட்டிலிருந்து பெயர் போய்விடும். காயத்தைக் கவனித்துவந்த ட்ரெய்னர், வாராவாரம் பேசிவந்த விளையாட்டு உளவியலாளர் எல்லாரும் அந்தப் பூட்டிய கட்டடத்துக்குள்தான் இருக்கிறார்கள். பத்து வயதிலிருந்து "நான் யார்" என்ற கேள்விக்கு இருந்த ஒரே பதிலும் அதே நாளில் கையை விட்டுப் போகிறது.

ஒரு மனிதன் நிலைகுலையக்கூடிய நேரம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த வாரம்தான். அப்போது பார்த்து அவனுக்கு இருந்த உதவி அத்தனையையும் நிறுத்துகிறோம்.

ஆட்டத்தைப் பறியுங்கள், தேவையென்றால் நிரந்தரமாகவே பறியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சிகிச்சையை மட்டும் ஆட்டத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய வாத்தியார்:

தம்பி, அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு தயக்கம். அணியில் இடம் என்பது உரிமை கிடையாது, சம்பாதிப்பது. போனால் அதோடு வந்தவையும் போகும் என்று தெரிந்தால்தான் பயம் இருக்கும். இப்போது எதற்கெடுத்தாலும் மன அழுத்தம் என்கிறார்கள். அதே அழுத்தத்தில் அதே அணியில் இருக்கும் மற்ற நூறு பேர் யாரையும் அடிக்கவில்லையே?

சாரல்:

நெடுவழி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அதில் அடிபட்டவர் எங்கே?

கோபத்தில் கேட்கவில்லை. வளாகத்தில் வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் துணையாக நிற்கும் வேலையில் இருந்திருக்கிறேன். புகார் கொடுத்த பெண் வகுப்பை மாற்றிக்கொள்வாள், விடுதியை மாற்றிக்கொள்வாள், சில சமயம் கல்லூரியையே மாற்றிக்கொள்வாள். அவளுக்கென்று தனி உளவியலாளர் இருக்கும் கட்டடம் கிடையாது. பொது ஆலோசனை மையத்தில் வரிசையில் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை வந்தால் அவனுடைய பெயரை ஒலிபெருக்கியில் கூவுவார்கள், அவள் அறை வரை கேட்கும். "இரண்டாவது வாய்ப்பு" என்ற பேச்சு வரும்போதெல்லாம் அது யாருடைய செலவில் என்று நான் கேட்பது இதனால்தான்.

பழைய கதை ஒன்று. 1995இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் நட்சத்திர வீரராக இருந்த லாரன்ஸ் ஃபிலிப்ஸ் தன் முன்னாள் தோழியைக் கொடூரமாகத் தாக்கினார். பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் ஆறு ஆட்டங்களுக்குத் தடை விதித்துவிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார். கால்பந்துதான் அவர் வாழ்க்கைக்கு ஒரு கட்டுக்கோப்பைத் தருகிறது, அதையும் எடுத்துவிட்டால் அவர் முழுதாக விழுந்துவிடுவார் என்பது ஆஸ்போர்னின் வாதம். அந்தப் பருவத்தின் தேசியச் சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் ஃபிலிப்ஸ் ஆடினார், அணி வென்றது. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 1996இல் ஆறாவது ஆளாகத் தேர்வானார். அப்புறமும் வன்முறை நிற்கவில்லை. கடைசியில் நீண்ட சிறைத் தண்டனை, 2016இல் சிறையிலேயே மரணம்.

இப்போது நீங்கள் சொல்லும் "உதவியை நிறுத்தாதீர்கள்" என்பதற்கும் ஆஸ்போர்ன் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்?

நெடுவழி:

சாரல், அடிபட்டவரைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். அவருக்கான கவனிப்பு முதலில் வர வேண்டும், குற்றம் செய்தவரைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே.

ஃபிலிப்ஸ் விஷயத்தில் எனக்கும் ஆஸ்போர்னுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. அவர் ஆட்டத்தையே மருந்தாகக் கொடுத்தார். ஃபிலிப்ஸ் சிறுவயதில் வீட்டை விட்டு அரசுக் காப்பகங்களில் வளர்ந்தவர். அவருக்குப் பல ஆண்டுகள் பொறுமையான சிகிச்சை தேவைப்பட்டிருக்கும். கிடைத்தது சில வாரங்களும் அதற்குள் ஒரு சீசனும். ஆட ஆரம்பித்ததும் "சரியாகிவிட்டார்" என்று எல்லாரும் நம்ப விரும்பினார்கள். சிகிச்சை ஆட்டத்துக்குப் போகும் நுழைவுச் சீட்டாக மாறிவிட்டால் இரண்டுமே கெட்டுப்போகும். அவர் அந்தச் சீசனில் ஒரு நிமிடம்கூட ஆடியிருக்கக் கூடாது. அதே நேரத்தில் ஒரு நாள்கூட மருத்துவர் இல்லாமல் இருந்திருக்கவும் கூடாது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மழைக்காலம்:

நான் மனநல ஆலோசகர், கல்லூரி மாணவர்களோடுதான் வேலை. சில விஷயங்களைத் தெளிவாக்கிக்கொண்டு பேசினால் நல்லது.

மனச்சோர்வோ பதற்றக் கோளாறோ உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. வாத்தியார் ஐயா கேட்ட கேள்வி அந்த அளவில் நியாயமானது. ஒருவர் காதலியை அடித்துவிட்டு "எனக்கு டிப்ரெஷன்" என்றால், டிப்ரெஷன் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அடித்ததற்கான விளக்கம் அது ஆகாது. துணையை அடிப்பவர் கோச்சை அடிப்பதில்லை, நடுவரை அடிப்பதில்லை. யாரிடம் கையை ஓங்கலாம் என்று தேர்ந்தெடுக்கத் தெரிகிறது. அதனால் கோபக் கட்டுப்பாட்டு வகுப்புக்கு அனுப்புவது அந்தக் குற்றத்துக்குச் சரியான சிகிச்சை ஆகாது. அதற்கென்றே தனியான, நீண்ட தலையீட்டுத் திட்டங்கள் இருக்கின்றன.

குடி, போதை, தற்செயலான சண்டை, வகுப்புக்கே வராமல் மறைந்துவிடுவது, அணி விதிகளைத் திரும்பத் திரும்ப மீறுவது ஆகியவை வேறு வகை. இவற்றில் பல, உள்ளே நடப்பதன் வெளி அறிகுறிகள். காயம் பட்டு ஆறு மாதம் வெளியே உட்கார்ந்த பையன் குடிக்கத் தொடங்குவதை நாங்கள் வழக்கமாகவே பார்க்கிறோம். தலையில் அடிபட்ட வரலாறு இருந்தால் இன்னும் கவனமாகப் பார்ப்போம்.

நெடுவழி சொன்ன அந்த ஆபத்தான வாரம் உண்மையானது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் கீழ் ஆடும் வீரர்களின் மரணங்களை 2002 முதல் 2022 வரை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2024இல் வெளிவந்தது. மொத்தம் 1,102 மரணங்களில் 128 தற்கொலைகள். முதல் பத்து ஆண்டுகளில் மரணங்களில் 7.6 சதவீதமாக இருந்தது அடுத்த பத்தில் 15.3 சதவீதமாகிவிட்டது. விபத்துகளுக்கு அடுத்த காரணம் இதுதான். "உடல் உறுதியானவர்கள், மனமும் உறுதியாக இருக்கும்" என்று இன்னமும் நம்புகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பாருங்கள்.

நிர்வாகி:

இந்த இழையில் தற்கொலை பற்றிய பேச்சு வருவதால் ஒரு வேண்டுகோள். விவரிப்புகள் வேண்டாம். அமெரிக்காவில் இருப்பவர்கள் யாருக்காவது இப்போதே உதவி தேவைப்பட்டால் 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

எட்டாவது தடம்:

நான் நீச்சல் அணியில் இருந்தவன். வாக்-ஆன், அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்ந்தவன்.

எங்கள் அணியில் ஒரே இரவில், ஒரே பார்ட்டியில், சட்டப்படியான வயது வராமலேயே குடித்ததற்காக இரண்டு பேர் மாட்டினார்கள். ஒருவன் ரிலேவில் கடைசி ஆளாக நீந்துபவன். அவனுக்குக் கவுன்சலிங், இரண்டு போட்டிகளுக்குத் தடை, கோச் வீட்டில் விருந்து. இன்னொருவன் என்னைப் போல வாக்-ஆன். மறுநாள் காலை அவனுடைய லாக்கர் காலியாக இருந்தது. "உன் நன்மைக்காகத்தான்" என்றார்களாம். அவன் அந்த செமஸ்டரோடு படிப்பையும் விட்டுவிட்டான்.

இரண்டாவது வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்விக்கு நான் பார்த்த விடை: வேகமாக நீந்துபவனுக்கு. எல்லா விவாதத்திலும் இதை யாரும் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன். இப்போது இது இன்னும் மோசமாகப் போகும் என்று பயப்படுகிறேன். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025இல், வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே பங்கிட்டுத் தரலாம். கூடவே அணிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பும் வந்துவிட்டது. பணம் போட்டு வாங்கிய வீரன் தவறு செய்தால் அவனை விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. நாற்பதாவது ஆளை விட்டுவிடவும் காரணம் இருக்கிறது.

சாரல்:

> இரண்டாவது வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்விக்கு நான் பார்த்த விடை: வேகமாக நீந்துபவனுக்கு.

நன்றி தம்பி. இதை ஒரு ஆணின் வாயிலிருந்து, அதுவும் அணிக்குள் இருந்தவரிடமிருந்து கேட்பது முக்கியம்.

வழக்காடி:

விதிகள் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான 'டிவிஷன் 1'இல் ஒழுங்கீனத்தைக் காரணம் காட்டி, நடப்பில் இருக்கும் விளையாட்டு உதவித்தொகையைக் கோச் தன் விருப்பப்படி ரத்து செய்ய முடியாது. அது கடுமையான ஒழுங்கீனம் என்பதைப் பல்கலைக்கழகத்தின் பொதுவான மாணவர் ஒழுங்கு அமைப்பு தீர்மானிக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வாய்ப்பு தர வேண்டும். அணியிலிருந்து நீக்குவது கோச்சின் கையில். உதவித்தொகை அவர் கையில் இல்லை. இது தெரியாமல் எத்தனையோ மாணவர்கள் "தானாக விலகுகிறேன்" என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். போட்டுவிட்டால் பாதுகாப்பு போச்சு. யாராவது அப்படி ஒரு தாளை நீட்டினால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், வீட்டுக்குப் பேசுங்கள்.

சாரல் கவலைப்படும் பக்கத்திலும் விதிகள் வளர்ந்திருக்கின்றன. வேறு கல்லூரியில் பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை போன்றவற்றுக்காக நீக்கப்பட்டவரைச் சேர்க்கக் கூடாது என்று எஸ்இசி என்ற பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு 2015இல் விதி கொண்டுவந்தது. 2017இல் இண்டியானா பல்கலைக்கழகம் தன் அளவில் இதே போன்ற விதியைப் பள்ளியிலிருந்து வரும் புதியவர்களுக்கும் விரித்தது. 2020இல் என்சிஏஏ நிர்வாகக் குழு, வன்முறை தொடர்பான விசாரணை, தண்டனை எதுவும் இருந்தால் வீரர்கள் ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்று கொள்கையை விரிவாக்கியது. ஆனால் தெரிவித்த பிறகு அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. ஓட்டை அங்கேதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. குற்றச்சாட்டும் குற்றமும் ஒன்றல்ல. 2023 டிசம்பரில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர் ஒருவர் மேல் பாலியல் வன்முறை வழக்கு வந்தது, பல்கலைக்கழகம் உடனே நிறுத்திவைத்தது. ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அவரை ஆடவிட உத்தரவிட்டது. ஜூனில் ஜூரி நிரபராதி என்றது. அந்த ஆறு மாதம் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். புகார் கொடுத்தவருக்கும் அதே ஆறு மாதம்தான்.

மழைக்காலம்:

வழக்காடி சொன்ன அந்தக் காத்திருப்புக் காலம் பற்றி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து (சாக்கர்) அணியின் கேப்டன் கேட்டி மேயரை நினைவிருக்கிறதா? 2019 தேசியச் சாம்பியன் அணியின் கோல்கீப்பர். அணித் தோழி ஒருவரைத் துன்புறுத்தியதாகச் சொல்லப்பட்ட ஒரு வீரர் மேல் காபியைக் கொட்டினார் என்று அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை. முறையான குற்றச்சாட்டுக் கடிதம் 2022 பிப்ரவரி 28 அன்று மாலை மின்னஞ்சலில் வந்தது. மறுநாள் காலை அவர் உயிரோடு இல்லை. ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள், பல்கலைக்கழகம் பொறுப்பை மறுத்தது. அந்தக் கடிதத்தில் உதவிக்கு அழைக்க ஓர் எண்ணும் இருந்தது என்றும் பல்கலைக்கழகம் சொன்னது.

எண் இருந்தால் போதுமா என்பதுதான் என் கேள்வி. பட்டம் நிறுத்திவைக்கப்படலாம், வெளியேற்றப்படலாம் என்று எழுதிய பல பக்கக் கடிதத்தை ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண் இரவில் தனியாகப் படிக்கிறாள். அந்தக் கடிதத்தைப் பகலில், ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து கொடுத்திருக்கலாம். அன்றிரவு யாரோடு இருக்கப்போகிறாய் என்று கேட்டிருக்கலாம். செலவே இல்லாத விஷயங்கள் இவை. பெற்றோரின் முயற்சியால் கலிஃபோர்னியாவில் 2024இல் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகும் மாணவர் ஓர் ஆலோசகரைத் துணைக்கு வைத்துக்கொள்ள அது வழி செய்கிறது.

இதை "குற்றம் செய்தவர்மேல் இரக்கம்" என்று யாரும் படிக்க வேண்டாம். விசாரணை கடுமையாகவே இருக்கட்டும். ஆளைத் தனியாக விட்டுவிடாமல் கடுமையாக இருக்க முடியும்.

பழைய வாத்தியார்:

மேயர் பற்றி எனக்குத் தெரியாது அம்மா. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

என் நிலை ஒன்றில் மாறவில்லை. அணிச் சட்டையை மறுபடி போட வேண்டுமானால் அதற்கு நிபந்தனைகள் இருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், ஆட்டத் திறமைக்கு ஏற்ப வளையக் கூடாது. எட்டாவது தடம் சொன்ன அந்த லாக்கர் கதைதான் ஒழுக்கத்துக்கே அவமானம். ஒரே தவறுக்கு இரண்டு தண்டனை கொடுக்கும் கோச்சிடம் எந்தப் பையன் ஒழுக்கம் கற்றுக்கொள்வான்?

நெடுவழி:

ஐயா, எழுத்தில் இருக்க வேண்டும் என்றீர்களே, அதை அப்படியே பிடித்துக்கொள்கிறேன்.

டைரான் மேத்யூ நினைவுக்கு வருகிறார். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக (எல்எஸ்யூ) அமெரிக்கக் கால்பந்து அணியின் பெரிய நட்சத்திரம். போதைப் பொருள் பரிசோதனைகளில் தவறி 2012 ஆகஸ்டில் அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஹூஸ்டனில் மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் போனார். அப்புறமும் அக்டோபரில் ஒருமுறை கைதானார். நேர்கோட்டில் யாரும் தேறுவதில்லை. கல்லூரியில் அவர் மறுபடி ஆடவே இல்லை. ஆனால் 2013இல் தொழில்முறை அணியான அரிசோனா டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் எடுத்தது, 2020 பிப்ரவரியில் கான்சாஸ் சிட்டி அணியோடு சூப்பர் பௌல் இறுதிப்போட்டியை வென்றார், 2025இல் ஓய்வு பெற்றார். ஆட்டம் பறிக்கப்பட்டது, சிகிச்சை கிடைத்தது. இந்த வரிசைதான் அவருக்குப் பலித்தது என்று நினைக்கிறேன். அவர் யாரையும் அடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், சாரல் சொன்ன வகைக்கு இதை உதாரணமாக்க மாட்டேன்.

ஹாரி மில்லரும் இருக்கிறார். ஒஹையோ ஸ்டேட் அணியில் ஆடியவர், தவறு எதுவும் செய்யவில்லை. உயிரை விடத் தோன்றுகிறது என்று கோச்சிடம் போய்ச் சொன்னார். கோச் ரையன் டே உடனே மருத்துவர்களிடம் சேர்த்தார். 2022 மார்ச்சில் மில்லர் விளையாட்டிலிருந்து விலகுவதாக அறிவித்தபோது, அந்த உதவி இல்லையென்றால் தான் இருந்திருக்க மாட்டேன் என்ற பொருளில் எழுதினார். நோய் மட்டும் இருந்தால் இப்படிக் கதவு திறக்கிறது. நோயோடு ஒரு தவறும் சேர்ந்துவிட்டால் அதே கதவு மூடுகிறது. மருத்துவம் இப்படி ஆள் பார்த்து நடக்கக் கூடாது.

சாரல்:

சரி, ஒத்துக்கொள்ளக்கூடிய இடம் தெரிகிறது. என் பக்கத்திலிருந்து மூன்று நிபந்தனை வைக்கிறேன். வன்முறை வழக்கில் அவன் திரும்ப வருகிறான் என்றால் அது அவளுக்கு முன்கூட்டியே, நேரில் சொல்லப்பட வேண்டும், செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அவள் மன்னித்துவிட்டாளா என்று யாரும் போய்க் கேட்கக் கூடாது, அது அவளுடைய வேலை இல்லை. அப்புறம் அவனுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், அதே வேகத்தில் அவளுக்கும் ஆலோசகர் கிடைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் வன்முறைக் குற்றம் நிரூபணமானவர் கல்லூரியில் மறுபடி ஆடவே கூடாது. படிக்கட்டும், சிகிச்சை பெறட்டும், வேலைக்குப் போகட்டும். அதுவும் இரண்டாவது வாய்ப்புதான். சட்டையும் கைதட்டலும் வேண்டாம்.

எட்டாவது தடம்:

அக்கா, "படிக்கட்டும்" என்று சொல்வது சுலபம். ஸ்காலர்ஷிப் போனால் பாதிப் பேர் படிக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சேர்க்கை போனால் விசாவே ஆட்டம் காணும். உதவித்தொகையில் படிப்புப் பங்கை மட்டும் தனியாகப் பிரித்துத் தொடர வழி இருந்தால் நீங்கள் சொல்வது நடக்கும்.

சாரல்:

அதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் அவள் இருக்கும் அதே வளாகத்தில் என்றால் யோசிப்பேன்.

இரவுப்பறவை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மகள் துடுப்புப் படகு ஓட்டுபவள், பள்ளிக் கடைசி ஆண்டு. இரண்டு கல்லூரிகள் கூப்பிட்டிருக்கின்றன. இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கோச்சிடம் பேசும்போது நான் என்ன கேட்க வேண்டும்? மனநலம் பற்றிக் கேட்டால் "இவர்கள் பெண்ணுக்கு ஏதோ பிரச்சினை" என்று நினைத்துவிடுவார்களோ என்றும் இருக்கிறது.

மழைக்காலம்:

கேட்கத் தயங்காதீர்கள். என்சிஏஏவின் மனநலச் சிறந்த நடைமுறைகள் 2024இல் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன, அதற்கு இசைவான சேவைகளைத் தருவது 'டிவிஷன் 1' கல்லூரிகளின் கடமை. சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம்.

முதலில் இதைக் கேளுங்கள்: விளையாட்டு உளவியலாளர் யாருக்குப் பதில் சொல்கிறார்? கோச்சுக்குக் கீழே என்றால் மகள் அவரிடம் மனம்விட்டுப் பேச மாட்டாள். மருத்துவ முடிவை மருத்துவரே எடுக்கிறாரா, கோச் அதை மாற்ற முடியுமா என்று நேராகக் கேளுங்கள். இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஒருவருக்கு வாராவாரம் சிகிச்சை தருபவரும், "இவர் திரும்ப ஆடலாம்" என்று சான்று தருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இருந்தால் உண்மையைச் சொல்கிற ஒவ்வொரு மாணவரும் தன் இடத்தை இழக்கும் பயத்தோடுதான் சொல்வார். நடிக்கக் கற்றுக்கொள்வார்கள். என்னிடம் வந்தவர்களே நடித்திருக்கிறார்கள், தப்பு அவர்கள்மேல் இல்லை.

நெடுவழி:

மேடம், நான் சேர்ப்பது ஒன்றே ஒன்று. "என் மகள் அணியை விட்டு வெளியே வந்தால், காயத்தாலோ, தானாகவோ, நீங்கள் நீக்கியோ, அதன் பிறகு அவளுக்கு எத்தனை மாதம் வரை ஆலோசகர் கிடைப்பார்?" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். நல்ல கோச்சுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

வழக்காடி:

உதவித்தொகை ஒப்பந்தத்தில் "அணி விதிகளை மீறினால்" என்று வரும் இடத்தைப் பாருங்கள். அந்த அணி விதிகளின் நகலைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் அது தனித் தாளாக இருக்கும், கேட்டால்தான் வரும்.

பழைய வாத்தியார்:

அம்மா, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். அவளுக்குத் தெரிய வேண்டும்.

இரவுப்பறவை:

எல்லாருக்கும் நன்றி. வியாழக்கிழமை ஒரு கோச்சோடு வீடியோ அழைப்பு இருக்கிறது. மகளும் உட்காருகிறாள். பிரிந்த பிறகு எத்தனை மாதம் என்ற கேள்வியைத் தானே கேட்கிறேன் என்கிறாள். என்ன பதில் வந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.